மேல்மாடி ஜன்னலும் மதாம் ரொபேரின் கொதிகலனும்

சுவிஸின் திரிம்பாக் கோயிலுக்குப் போனால், சாமியைப் பார்க்க முன்பே யாராவது என்னைப் பிடித்துவிடுகிறார்கள். சப்பாத்தைக் கழற்றக் குனிந்திருக்கும்போதே தலைக்கு மேலிருந்து கேள்வி வரும்.

"அண்ணை, வீடு ஒண்டு வாங்கியிருக்கிறம். பழைய எண்ணெய் ஹைசுங்கை எடுத்துப்போட்டு ஹீட் பம்ப் பூட்டினால் லாபமோ?"

ஜெர்மன் பக்கத்தார் ஹைசுங் என்பதை எங்கள் பிரெஞ்சுப் பக்கத்தில் ஷொஃபாஜ் என்போம். வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு; ஹீட் பம்ப் அதில் மின்சாரத்தில் ஓடும் புது வகை. அந்த வேலையில்தான் என் காலம் முழுவதும் கழிந்தது. ஓய்வுபெற்ற பிறகும் ஆட்கள் என்னை விடுவதாக இல்லை. லாபமோ என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டிலை ஆர் ஆர் இருக்கிறியள்?" கேட்டவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். ஹீட் பம்ப் பற்றி விசாரிக்க வந்தால் இந்த மனுசன் கலியாணம் பேசுகிற ஆள் மாதிரிக் குடும்ப விவரம் கேட்கிறாரே என்ற யோசனை அவர் முகத்தில் நன்றாகவே தெரியும்.

என் பழைய கொம்பனியில் இப்போது சுகன்யா என்றொரு பிள்ளை வேலை செய்கிறார். இங்கேயே பிறந்து, படித்து, எஞ்சினியர் ஆனவர். வீட்டின் சுவர், ஜன்னல், கூரை எல்லாவற்றையும் கம்பியூட்டரில் போட்டு, புது ஏற்பாடு எத்தனை வருடத்தில் போட்ட காசைத் திருப்பித் தரும் என்று சொல்லிவிடுவார். நல்ல கணக்கு, நான் குறை சொல்ல மாட்டேன். அவர்தான் ஒருநாள் தொலைபேசியில், "அங்கிள், நீங்கள் ஏன் முதல் கேள்வியா அதைக் கேக்கிறனீங்கள் எண்டு எழுதித் தாங்கோவன்" என்றார். நான் தொடங்கினால் எங்கே போய் நிற்பேன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில், ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, லா ஷோ-து-ஃபோனுக்கு வந்து சேர்ந்தேன். கடிகாரத் தொழிற்சாலைகளின் நகரம். மலைக்கு மேலே இருப்பதால் ஏப்ரலிலும் பனி கொட்டும். என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வந்திருக்கவில்லை. முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு மெஸ்யூ ஜாக்கோ என்பவரின் ஷொஃபாஜ் கொம்பனியில் கொதிகலன்களின் கரி சுரண்டும் வேலை கிடைத்தது. குழாய் வெட்டப் பழகினேன், ஒட்டப் பழகினேன், பிரெஞ்சில் ஏச்சு வாங்கப் பழகினேன். இரவுப் பள்ளிக்கூடமும் சான்றிதழும் பிறகு வந்தவை. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

மெஸ்யூ ஜாக்கோ ஒல்லியாக, உயரமாக இருப்பார். அறுபதை நெருங்கியிருந்தார். கரி சுரண்டுகிற என்னையும் மெஸ்யூ ராஜா, அதாவது ராஜா ஐயா, என்றுதான் கூப்பிடுவார். ஏசும்போதும் அந்த மெஸ்யூ விட்டுப்போகாது. "மெஸ்யூ ராஜா, உங்களுக்குத் தலை எதற்கு, தொப்பி போடவா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்பார். எனக்குக் காது சூடேறும்.

கொதிகலனை மாற்றலாமா என்று யாராவது அவரைக் கூப்பிட்டால், கோப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே நிலவறைக்குள் இறங்குவார். அங்கே வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருப்பார். அந்த நேரம் நான் வாய் திறக்கக் கூடாது. பையிலிருந்து ஓர் அப்பிளை எடுத்து, சின்னக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டித் தின்றபடி, எண்ணெயை எரிக்கும் பர்னரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அது எத்தனை தரம் பற்றுகிறது, பற்றினால் எவ்வளவு நேரம் எரிகிறது, நின்ற பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பதெல்லாம் அப்பிள் முடிவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். அடிக்கடி பற்றி அணைகிற கொதிகலன் வீட்டின் தேவைக்கு மிஞ்சியது. அது எண்ணெயை வீணாக்கும். அதன் பிறகு புகைக்குழாயில் ஒரு துளையால் வெப்பமானியைச் செருகுவார். கைப்பம்பால் புகையை வெள்ளைத் தாள் ஒன்றின் ஊடாக இழுத்து, விழுந்த கறை எவ்வளவு கறுப்பு என்று பார்ப்பார். கடைசியாகக் கையுறையைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் சுடுதண்ணீர் கொண்டுபோகும் குழாயையும் அது ஆறித் திரும்பி வரும் குழாயையும் தொட்டுப் பார்ப்பார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல அதில் அவசரமே இருக்காது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மேலே வந்து கோப்பி குடிப்பார். குடித்தபடி கேட்கத் தொடங்குவார். இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்? பகலில் வீட்டில் நிற்பது யார்? ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறவர் யார்? புது இயந்திரத்தின் பெருமையைக் கேட்கலாம் என்று காத்திருந்த வீட்டுக்காரருக்குச் சப்பென்று போய்விடும். மற்றக் கொம்பனிகளின் விற்பனையாளர்கள் வண்ணப் படங்களோடு வந்து, செலவு பாதியாகும் என்று அடித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த நாட்களில் எண்ணெய் விலையும் விழுந்திருந்தது. புதுக் கொதிகலன் போட்டால் காசு எப்போது மீளும் என்று கேட்டால் நேர்மையான ஆளுக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அப்படியொரு குளிர்காலத்தில்தான் மதாம் ரொபேர் எங்களைக் கூப்பிட்டார்.

கடிகாரத் தொழிற்சாலையில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்து ஓய்வுபெற்ற விதவை அவர். ஏற்றமான தெரு ஒன்றில் மூன்று தட்டுக் கல்வீடு அவருக்குச் சொந்தம். கீழே அவர், நடுவில் ஒரு தபால்காரக் குடும்பம், மேலே வாடகைக்கு ஆறு இளைஞர்கள். மசூட், அதாவது சூடாக்கும் எண்ணெய், அந்த வீட்டில் தண்ணீராய்ச் செலவாகியது. அப்படியும் கீழ்த்தட்டு குளிர்ந்தே கிடந்தது. கணவர் விட்டுப்போன சேமிப்பு ஒரு கொதிகலனுக்குப் போதும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பக்கத்தில் வாகனத் திருத்தகம் வைத்திருந்தவர் வீட்டை வாங்கி இடிக்கத் தயாராக இருந்தார். புதுக் கொதிகலன் போட்டும் செலவு குறையாவிட்டால் மதாம் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். ஒரு விற்பனையாளர் ஏற்கெனவே பாதிச் செலவு என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் மெஸ்யூ ஜாக்கோவின் வாயால் ஒரு வார்த்தை கேட்க மதாம் விரும்பினார்.

நிலவறைக்குப் போனோம். வாளி கவிழ்ந்தது, அப்பிள் வெளியே வந்தது. அந்தக் கொதிகலன் ஒரு காலத்தில் நிலக்கரிக்குச் செய்து, பிறகு எண்ணெய்க்கு மாற்றியது. கிழடுதான், ஆனால் சாகக் கிடக்கவில்லை. மெஸ்யூ ஜாக்கோ முகத்தைச் சுளித்தார். "இந்தக் கல்லுக்கும் இந்த ஜன்னலுக்கும் இவ்வளவு மசூட் போகாது. மாலையில் திரும்பி வருவோம்" என்றார்.

மாலையில் வந்தபோது பர்னர் நிற்காமல் எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஒவ்வொரு தட்டிலிருந்தும் திரும்பி வரும் தண்ணீருக்குத் தனித்தனிக் குழாய் இருந்தது. மெஸ்யூ ஜாக்கோ மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அவற்றில் வைத்தார். இரண்டு குழாய்கள் இளஞ்சூடு. மூன்றாவது, கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது.

"மேல்தட்டில் யாரோ தெருவைச் சூடாக்குகிறார்கள். அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் ஆட்கள், மெஸ்யூ."

"இந்த நேரத்தில் என்ன செய்வார்கள்?"

சமைப்பார்கள். எனக்கு அது தெரியாமல் இருக்குமா? ஞாயிறு தவறாமல் நான் சாப்பிடுவதே அந்தக் குசினியில்தான். அந்த ஆறு பேருக்கும் மூத்தவர் நவம் அண்ணை. ஊரில் கடை வைத்திருந்தவர், இங்கே ஒரு ஹொட்டலில் பாத்திரம் தேய்த்தார். அந்த வீட்டுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது: அடுப்பு மூட்ட முன் எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டும், வீட்டில் மணம் போகும்வரை மூடக் கூடாது. ஜெனீவாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கருவாட்டு மணத்துக்காக வீட்டைவிட்டே எழுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை அப்போது எங்களிடையே உலாவியது. எந்த வீடு, யார் எழுப்பினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கதையை மட்டும் எல்லோரும் கேட்டிருந்தோம். அகதி விண்ணப்பக்காரர் ஆறு பேருக்குச் சேர்த்து வீடு தர அந்த நகரத்தில் இன்னொருவர் கிடைப்பாரா? ஆகவே ஜன்னல்கள் திறந்தன. குளிர் உள்ளே வந்ததால், சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைக் கடைசி மட்டும் முறுக்கினார்கள். கம்பளித் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு கருவாடு பொரிக்கிற காட்சியை நீங்கள் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆறு பேருக்கும் வேறு வேறு நேர வேலை என்பதால் அந்த அடுப்பு ஆறுவதும் அபூர்வம். நானும் கோட்டோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் பகிடி விட்டுக்கொண்டு வந்தவன்தான். அந்தக் குளிர்ந்த குழாயில் கை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கையைக் குழாயிலிருந்து எடுத்துக்கொண்டேன். மெஸ்யூ ஜாக்கோ என்னை நெருக்கவில்லை.

"பாருங்கள், மெஸ்யூ ராஜா. மேலே திறந்துகிடக்கும் வீட்டுக்கு அளவெடுத்தால் பெரிய கொதிகலன் வேண்டும். நாளைக்கு அவர்கள் போய்விட்டால் அது மிஞ்சிப்போகும். மூடிய வீட்டுக்கு அளவெடுத்தால் சின்னது போதும். அவர்கள் இருக்கும்வரை வீடு விறைக்கும். மேலே நடப்பது தெரியாமல் நான் என்ன எழுதினாலும் அந்த மனிசியின் காசு போய்விடும். நாளைக்குப் போய்ப் பாருங்கள். எனக்குச் சொல்ல விருப்பமில்லை என்றால், விருப்பமில்லை என்று சொல்லுங்கள்."

ஏசியிருந்தாலும் பரவாயில்லை. அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. சொன்னால் ஆறு பேர் தெருவில் நிற்கக்கூடும். சொல்லாவிட்டால் ஒரு கிழவி இருந்த கடைசிக் காசையும் போட்டு ஏமாறுவார். பிறகு வீடும் போகும், அதோடு அந்த ஆறு பேரும் போவார்கள். எப்படிப் பார்த்தாலும் வெளிச்சமாக இல்லை.

மறுநாள் படியேறினேன். நவம் அண்ணை தொப்பியோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் பனித்தூள் படிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"மூடினால் மணம் கீழை போகும், மனுசி எழும்பச் சொல்லும். திறந்தால் எண்ணெய் போகும், அதுக்கும் மனுசி எழும்பச் சொல்லும். எதாலை எழும்பிறது நல்லமெண்டு நீயே சொல்லு தம்பி."

"அண்ணை, நான் சொல்லாட்டிலும் அவர் கண்டுபிடிப்பார்."

"கண்டுபிடிக்கட்டும். நீ ஏன் காட்டிக்குடுக்கிறாய்? நீ கொம்பனிக்காரனோ, எங்கடை ஆளோ?"

காட்டிக்கொடுப்பது என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் எங்களிடையே இருந்த பாரம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கும் கோபம் வந்துவிட்டது. "கீழை ஒரு மனுசி குளிருக்குள்ளை இருக்குது அண்ணை. இந்த வீட்டை வித்தால் நீங்களும்தான் றோட்டிலை. நான் ஆருடைய ஆள் எண்டு பிறகு கதைப்பம்" என்று கத்தினேன். அவரைவிட வயதில் இளைய நான் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அவர் மூக்கை உறிஞ்சினார். வெங்காயமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. வெட்டின வெங்காயத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"சரி, சொல்லு. ஆனால் என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லு. எங்கடை பிழையை நீ தனியப் போய்ச் சொன்னால்தான் அது காட்டிக்குடுக்கிறது. நானும் வாறன்."

மதாம் ரொபேரின் குசினிக்கு மெஸ்யூ ஜாக்கோ, நவம் அண்ணை, நான் என்று மூன்று பேரும் போனோம். அகதி விசாரணைக்குப் போட்ட அதே கோட்டையும் டையையும் நவம் அண்ணை போட்டிருந்தார். மதாம் தன் கணவரின் கறுப்பு ஓவர்கோட்டுக்குள் சுருங்கியிருந்தார். கைகள் கோட்டின் கைக்குள் முழுதாக மறைந்திருந்தன. என் உடைந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், அடுப்பு, ஜெனீவாக் கதை எல்லாம். நான் தடக்கிய இடத்தில் மெஸ்யூ ஜாக்கோ ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

மதாம் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "ஜன்னல் திறந்திருப்பது எனக்குத் தெரியும். தெருவிலிருந்து தினமும் பார்க்கிறேன்."

மெஸ்யூ ஜாக்கோவே ஆடிப்போய்விட்டார். "தெரிந்துமா பேசாமல் இருந்தீர்கள், மதாம்?"

"சூடான நாட்டு ஆட்கள், அவர்களுக்குக் காற்று வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். மூடச் சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விட்டால்? இவர்கள் வருமுன் அந்த மேல்தட்டு சும்மா கிடந்தது. அவ்வளவு படியேற யாருக்கும் மனமில்லை. இவர்களின் வாடகை இல்லாமல் என்னால் மசூட் வாங்க முடியாது." சொல்லச் சொல்லத்தான் அவருக்குக் கோபம் ஏறியது. மேசையில் ஓங்கி அடித்தார். "இரண்டு குளிர்காலம்! என் சொந்தக் குசினியில் கோட்டோடு இருக்கிறேன்!"

நான் தமிழில் சொன்னேன். நவம் அண்ணை எழுந்து நின்றார். "நாங்களும் கோட்டோடைதான் அம்மா சமைக்கிறனாங்கள் எண்டு சொல்லு" என்றார்.

அதைப் பிரெஞ்சில் சொன்னேன். மெஸ்யூ ஜாக்கோ கூரையைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கிற நிலைமையில் அங்கே ஒருவரும் இருக்கவில்லை. ஒரே வீட்டின் மேலேயும் கீழேயும் ஆட்கள் ஒருவருக்கொருவர் பயந்து விறைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கொதிகலன் மட்டும் இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தது.

"மணம் உங்களுக்குப் பிடிக்காதா, மதாம்?" என்று கேட்டேன்.

"இதுவரை கீழே வரவில்லையே. வந்தால்தானே தெரியும்? வந்தால் சொல்லுகிறேன்" என்றார். அதில் ஆறுதலும் இல்லை, மிரட்டலும் இல்லை. நவம் அண்ணைக்கு அதை மொழிபெயர்த்தபோது அவர் முகம் இன்னும் கறுத்தது.

"அப்படியென்றால் புதுக் கொதிகலன் லாபமில்லையா?" என்று மதாம் கேட்டார்.

"நிச்சயமாக லாபம், மதாம். எனக்கு" என்றார் மெஸ்யூ ஜாக்கோ. "உங்களுக்கு இந்த வருடம் இல்லை."

அவர் சொன்ன வழி இதுதான். முன்பு தட்டுக்குத் தட்டு விறகடுப்பு இருந்த காலத்துப் புகைபோக்கி ஒன்று மேல்தட்டுக் குசினிச் சுவருக்குள் சும்மா கிடந்தது. அதைத் துப்புரவாக்கி, அடுப்புக்கு மேலே ஒரு புகைக்கூண்டும் மின்விசிறியும் பூட்டினால் மணம் அதன் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். ஜன்னல்களை மூடலாம். ரேடியேட்டர்களுக்கு அறைச் சூட்டைப் பார்த்துத் தானே மூடிக்கொள்ளும் திருகுகள் போடலாம். பர்னருக்கு எண்ணெய் பீச்சும் சின்ன முனை மாட்டினால் அது குறைவாக எரியும். மூடிய வீடு ஒரு குளிர்காலத்துக்கு என்ன குடிக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு கொதிகலனைப் பற்றி யோசிக்கலாம். செலவு இறங்காவிட்டால் வீட்டை விற்கப்போவதாக மதாம் வெளிப்படையாகவே சொன்னார். அதை மறைக்காமல் நவம் அண்ணைக்குச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை விற்பனையாளருக்குக் கையெழுத்துக் கிடைக்கவில்லை.

மசூட் இறங்கியது. அந்தக் கிழட்டுக் கொதிகலன் இன்னும் பல வருடம் உழைத்தது. அது உண்மையாகவே ஓய்ந்தபோது முன்னையதில் பாதி அளவான ஒன்றை நானே கொண்டுபோய்ப் பூட்டினேன். அந்தக் காசு வீணாகவில்லை. திருத்தகக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். கணக்குக் கேட்பவர்களுக்கு இவ்வளவும் போதும்.

ஆனால் அந்த வீட்டின் உண்மையான முடிவு, விசிறி பூட்டி முடித்த அன்று மாலையே தெரிந்துவிட்டது. கருவிகளைப் பெட்டியில் வைத்துவிட்டு நான் அங்கேயே நின்றேன். நவம் அண்ணை எல்லா ஜன்னலையும் தன் கையாலேயே மூடினார். பிறகு அலுமாரியைத் திறந்து, கறித்தூள் இடிப்பதற்காக வைத்திருந்த செத்தல் மிளகாய்ப் பொதியை எடுத்தார்.

"அண்ணை, முதல் நாளே மிளகாயோ?" என்றேன். "ஒரு பருப்பை வையுங்கோவன்."

"மணக்கிறதெண்டால் இண்டைக்கே மணக்கட்டும். மனுசி சொல்லுறதை இண்டைக்கே சொல்லட்டும். ஒவ்வொரு நாளும் படியிலை காலடி கேக்குதோ எண்டு பாத்துக்கொண்டு என்னாலை சமைக்கேலாது."

தாச்சிச் சட்டி அடுப்பில் காய்ந்தது. மிளகாய் விழுந்தது. விசிறி தன்னால் இயன்றவரை இழுத்தது, ஆனால் மிளகாயிடம் தோற்றுப்போனது. அன்றைக்கென்று வீட்டில் நின்ற ஆறு பேரும் நானுமாக வாயைப் பொத்திக்கொண்டு இருமினோம். ஒருவரும் ஜன்னல் பக்கம் போகவில்லை. அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கி ஏறுகிற காலடி. நவம் அண்ணை அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்து நின்றோம்.

மதாம் ரொபேர் உள்ளே வந்தார். வாய் திறக்க முன் இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க இன்னும் கொட்டியது. நவம் அண்ணை பதறிப்போய், "போச்சுதடா எல்லாம்" என்று தமிழில் புலம்பிக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினார்.

மதாம் அவரை முந்திக்கொண்டார். அந்த வயதில் அவர் அவ்வளவு விரைவாக நடப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. "இல்லை! இல்லை! மூடியே இருக்கட்டும்!" என்று கத்தினார். கண்ணீர் வழிய, இருமி இருமி, ஜன்னலின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நவம் அண்ணையைக் கிட்டவும் வரவிடாமல் நின்றார்.